ஏஜென்ட் போடுவோம், ஒளித்துப் போட மாட்டோம்

அலுவலகக் கணினிகளைக் கணக்கெடுக்கவும் பராமரிக்கவும் ஏஜென்ட் மென்பொருள் நிறுவுவது பற்றி, மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கணினிப் பராமரிப்புத் தொழில் செய்யும் எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மதுரை நகரக் கடைகள், கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகள், மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கத்து ஆலைகள் என்று எங்கெல்லாம் நாலு சிஸ்டம் இருக்கிறதோ அங்கெல்லாம் எங்கள் உறுப்பினர்களுக்கு வேலை இருக்கிறது. அங்கெல்லாம் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். எல்லா சிஸ்டத்திலும் ஏஜென்ட் போட்டுவிடலாமா என்று முதலாளி கேட்கிறார். போட்டிருக்கிறார்களாமே, அது என்ன பார்க்கும் என்று ஊழியர் கேட்கிறார். இரண்டு பேருக்கும் நாங்கள் சொல்லும் பதில் ஒன்றுதான். பத்து சிஸ்டத்துக்கு மேல் வைத்திருக்கும் எந்த நிறுவனமும் ஏஜென்ட் போட்டே ஆக வேண்டும். அது சிஸ்டத்தைக் கணக்கெடுக்கவும் சரிசெய்யவும் மட்டும்தான். சிஸ்டத்தின் முன் உட்கார்ந்திருப்பவரை வேவு பார்க்க அதைத் திருப்பச் சொன்னால் எங்கள் உறுப்பினர் அந்த வேலையை ஏற்க மாட்டார்.

ஏஜென்ட் என்பது கணினியின் பின்னணியில் ஓடும் ஒரு சிறு நிரல். விண்டோஸில் அது ஒரு சர்வீஸாக, கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடுகிறது. குறித்த இடைவெளியில் சர்வரைத் தொடர்புகொண்டு, ரேம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, என்னென்ன மென்பொருள் எந்தப் பதிப்பில் இருக்கிறது, எந்தப் பேட்ச் விடுபட்டிருக்கிறது என்று சொல்லும். சர்வரிலிருந்து வரும் ஆணைகளையும் அதுவே வாங்கிச் செய்யும். இதை நிறுவு, அதை நீக்கு, ரீஸ்டார்ட் செய், திரையைக் காட்டு என்று என்ன சொன்னாலும் செய்யும். கணக்கெடுப்பதும் கட்டளை ஏற்பதும் ஒரே நிரல்தான். அதன் பயனும் ஆபத்தும் அங்கேயே தொடங்குகின்றன.

பயனை முதலில் சொல்கிறோம். இன்று பெரும்பாலான நிறுவனங்களில் கணினிக் கணக்கு ஓர் எக்செல் ஷீட்டில் இருக்கிறது. யாரோ ஒருவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியது. அவர் போய்விட்டார், ஷீட் இருக்கிறது. மேலூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் எங்கள் உறுப்பினர் ஒருவர் கணக்கெடுக்கப் போனார். ஷீட்டில் இருந்த சிஸ்டங்கள் எல்லாம் அலுவலக அறையில் சரியாக இருந்தன. கிளம்பும்போது வாசலில் லாரி நின்றது. எடை மேடைக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். தவிட்டுத் தூசி அப்பிய ஒரு பழைய சிஸ்டம் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிக்கொண்டிருந்தது. எடை காட்டும் கருவியிலிருந்து சீரியல் கேபிள் ஒன்று அதற்குள் போனது. இன்னொரு கேபிள் அலுவலக ஸ்விட்சுக்குப் போனது. ஆலையின் வரவு முழுவதும் அந்தத் திரையில்தான் பதிவாகிறது. ஆனால் எந்தக் கணக்கிலும் அந்த சிஸ்டம் இல்லை.

இருப்பது தெரியாத சிஸ்டத்துக்கு யாரும் பேட்ச் போட மாட்டார்கள். 2017 மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தது. அதற்குள் பேட்ச் போட்டவர்கள் தப்பினார்கள். தங்களிடம் எத்தனை சிஸ்டம் இருக்கிறது, எதில் பேட்ச் இல்லை என்று தெரியாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இன்று நம் முன் இருப்பதும் அதே மாதிரியான கணக்குதான். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்கள் அலுவலகத்தில் எத்தனை சிஸ்டம் விண்டோஸ் 11 ஏற்கும், எத்தனையில் அதற்குத் தேவையான டிபிஎம் 2.0 இல்லை, எவற்றை மாற்ற வேண்டும்? ஏஜென்ட் இருந்தால் ஒரு ரிப்போர்ட்டில் பதில் கிடைக்கும். இல்லாவிட்டால் மேசை மேசையாகக் குனிந்து பார்க்க வேண்டும்.

சட்டமும் இதையே எதிர்பார்க்கிறது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, இணையத் தாக்குதலைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும். 180 நாள் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். எந்த சிஸ்டம் எங்கே இருக்கிறது என்பதைத் தேடவே ஆறு மணி நேரம் ஆகும் அலுவலகங்கள் நமக்குத் தெரியும்.

ஏஜென்ட் போட்டதும் கணக்கு தானாகச் சரியாகிவிடும் என்று நாங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நம் ஊரில் பாதி சிஸ்டம் அசெம்பிள் செய்தது. பிராண்டட் லேப்டாப்பில் ஏஜென்ட் சீரியல் எண்ணைப் படித்தால் உண்மையான எண் வரும். அசெம்பிள் சிஸ்டம் பலவற்றில் அந்த இடத்தில் ‘டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்.’ என்று வரும். தயாரிப்பாளர் நிரப்ப வேண்டிய கட்டம், யாரும் நிரப்பவில்லை என்று பொருள். எண்ணை மட்டும் நம்பினால் ஐந்து சிஸ்டம் ஒரே சிஸ்டமாகக் கணக்கில் விழும். ஒரு டிஸ்க்கை இமேஜ் எடுத்து மற்றவற்றில் இறக்கும் பழக்கம் இருக்கும் இடங்களில், ஏஜென்ட்டின் அடையாளமும் சேர்ந்து நகலாகி இதே குழப்பம் வரும். அதனால் அசெட் ஸ்டிக்கர் ஒட்டி, அந்த எண்ணை ஏஜென்ட்டில் கையால் பதிந்து, ஒருமுறை நேரில் நடந்து பார்த்தபின்தான் எங்கள் உறுப்பினர் கணக்கை முதலாளியிடம் கொடுப்பார். எடை மேடை எக்ஸ்பியைப் போல, பழைய எழுத்துரு லாக்கோடு பேஜ்மேக்கர் ஓடும் அச்சக சிஸ்டத்தைப் போல, ஏஜென்ட் ஏறாத சிஸ்டங்களும் உண்டு. அவையும் கணக்கில் வர வேண்டும். அவற்றை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைக்க வேண்டும்.

எந்தத் தயாரிப்பை வாங்குவது என்பதில் சங்கம் யாருக்கும் பரிந்துரை செய்யாது. சோஹோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் எண்ட்பாயிண்ட் சென்ட்ரல் தமிழ்நாட்டில் உருவாகி உலகம் முழுக்க விற்பனையாகிறது. அதைப் பெருமையாகவே சொல்கிறோம். ஜிஎல்பிஐ, ஓசிஎஸ் இன்வென்டரி இரண்டும் பிரான்ஸில் பிறந்த கட்டற்ற மென்பொருள்கள். சர்வர் ஒன்றை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தால் லைசென்ஸ் செலவு இல்லை. சிறு நிறுவனத்துக்குப் பணம் தடையாக இருக்கத் தேவையில்லை.

முதலாளிகள் உண்மையில் தயங்குவது வேறு காரணத்துக்காக. வெளியே சொல்வதில்லை, எங்களிடம் சொல்கிறார்கள். கணக்கெடுத்தால் கிராக் செய்த மென்பொருள் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் அது. பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துபவருக்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. கணக்கெடுக்காமல் இருந்தால் இந்தப் பொறுப்பு போய்விடாது. கிராக் போட ஆன்டிவைரஸை அணைத்து வைத்த சிஸ்டத்தில்தான் எங்கள் உறுப்பினர்கள் ரான்சம்வேரை அதிகம் பார்த்திருக்கிறார்கள். எனவே சங்கம் இப்படிச் சொல்கிறது: கணக்கு முதலாளியின் சொத்து, எங்கள் உறுப்பினர் அதை வெளியாருக்குக் காட்ட மாட்டார். ஆனால் கிராக் மென்பொருளைக் கண்ட பிறகும் அதைப் பராமரிக்கும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை (ஏஎம்சி) தொடர மாட்டார். வாங்க முடிந்ததை வாங்குங்கள். முடியாததற்கு லிப்ரே ஆபீஸ் இருக்கிறது, லினக்ஸ் இருக்கிறது. அரசு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பில் இருந்தபோது தன் கணினிகளை லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றிக் காட்டியது; அது நடந்து இருபது ஆண்டு ஆகப்போகிறது.

இனி ஆபத்து. 2021 ஜூலை 2 அன்று, கசேயா என்ற அமெரிக்க நிறுவனத்தின் நிர்வாக மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக ஒரு ரான்சம்வேர் கும்பல் நுழைந்தது. அந்த மென்பொருளை வைத்திருந்தவர்கள் எங்களைப் போன்ற பராமரிப்புக்காரர்கள்தாம். அவர்களுடைய ஏஜென்ட்டுகள் வழியாகவே கெட்ட நிரல் வாடிக்கையாளர்களின் சிஸ்டங்களில் இறங்கியது. பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் 1,500 வரை இருக்கலாம் என்று கசேயாவே சொன்னது. ஸ்வீடனில் கூப் அங்காடிகளில் பில் போட முடியாமல் நூற்றுக்கணக்கான கடைகளை மூடினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மேனேஜ்எஞ்சினின் டெஸ்க்டாப் சென்ட்ரலிலும் ஓர் ஓட்டையைத் தாக்குபவர்கள் பயன்படுத்தினார்கள். நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. திருத்தத்தை யார் அன்றே போட்டார் என்பதில்தான் எல்லாம் இருந்தது. பிறகு 2024 ஜூலை 19. தாக்குதல் எதுவும் இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு ஏஜென்ட்டுக்கு ஒரு பிழையான கோப்பு போனது. நம் நேரப்படி காலை ஒன்பதே முக்காலுக்குக் கொஞ்சம் முன்பு அனுப்பினார்கள், ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பிறகு நிறுத்தினார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றுவிட்டன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

ஏஜென்ட்டுகளுக்கு ஆணையிடும் கன்சோல் ஒன்று எங்கள் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் உண்டு; அதில் பல நிறுவனங்களின் சிஸ்டங்கள் இருக்கும். அதன் ஒரு பாஸ்வேர்டு போனால் அத்தனை பேருடைய வீட்டுச் சாவியும் போனதாகத்தான் அர்த்தம். எனவே கன்சோலுக்கு இரட்டைச் சரிபார்ப்பு இல்லாமல் உறுப்பினர் யாரும் தொழில் செய்யக் கூடாது. வேலையை விட்டுப் போன பையனின் லாகின் அன்று மாலையே நீங்க வேண்டும். கன்சோல் பக்கம் வெளி இணையத்துக்குத் திறந்து கிடக்கக் கூடாது. எந்தப் பேட்சையும் முதலில் இரண்டு சிஸ்டத்தில் போட்டு, இரண்டு நாள் பார்த்து, பிறகே மற்றவற்றுக்கு அனுப்ப வேண்டும். அவசர ஓட்டைக்கு மட்டும் இரண்டு நாளை இரண்டு மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் பேட்சுகள் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வருகின்றன, நமக்கு அன்றிரவு. ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11ஆம் தேதி. இரண்டும் ஒட்டி வரும் மாதங்களில் கணக்குப் பிரிவு சிஸ்டத்தில் ரிட்டர்ன் முடியும்வரை கை வைக்கக் கூடாது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளன்று யுபிஎஸ்ஸை நம்பி அப்டேட் ஓட விடுவதும் கூடாது.

ஊழியர்கள் பற்றிச் சொல்ல வேண்டியது இதைவிட முக்கியம். ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் பெண் ஒருவர், டாலியில் வவுச்சர் போட்டுக்கொண்டிருந்தபோது மவுஸ் தானாக நகர்ந்தது. கையை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். திரையில் அவருடைய ஜிமெயில் திறந்திருந்தது, அதில் பிள்ளையின் மருத்துவ ரிப்போர்ட். சிறிது நேரம் கழித்துத்தான் போன் வந்தது: “ஒண்ணுமில்லம்மா, நாங்கதான் ரிமோட் எடுத்தோம், பிரிண்டர் டிரைவர் போடறோம்.” ரிமோட் எடுத்தவர் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர். அவர் செய்தது தவறு. “அதுக்கப்புறம் அந்த சிஸ்டத்துல வீட்டு விஷயம் எதையும் தொடுறதே இல்லைங்க” என்று அந்தப் பெண் எங்களிடம் சொன்னார். அந்தப் பயத்தை நாங்கள் உண்டாக்கியிருக்கக் கூடாது.

2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு தொடர்பான சில காரணங்களுக்காகவும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும் ஊழியரின் ஒப்புதல் கேட்காமலே தரவைக் கையாள இடம் தருகிறது. அதைக் காட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் வசதியை ஆன் செய்யச் சொல்பவர்கள் உண்டு. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்த நாட்டில் இருக்கிறோம். சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று தேடுவதற்கு முன்னால், பக்கத்து மேசைக்காரரிடம் இதைச் சொல்ல முடியுமா என்று யோசியுங்கள். எங்கள் உறுப்பினர்கள் ஸ்கிரீன்ஷாட் வசதியை ஆன் செய்ய மாட்டார்கள். தட்டும் விசைகளைப் பதிவு செய்யும் மென்பொருள், கேமரா, மைக் எதையும் தொட மாட்டார்கள். திரையில் ‘அனுமதி’ என்று ஊழியர் அழுத்திய பிறகே ரிமோட் எடுப்பார்கள். ஊழியரின் சொந்த லேப்டாப்பிலும் போனிலும் நிறுவன ஏஜென்ட் ஏற்ற மாட்டார்கள். வீட்டிலிருந்து வேலை வாங்க வேண்டுமென்றால் நிறுவனம் சிஸ்டம் கொடுக்கட்டும். மோசடி சந்தேகம் இருந்தால் அதற்குப் போலீஸ் இருக்கிறது, எழுத்துப்பூர்வ விசாரணை இருக்கிறது. சர்வீஸுக்கு வருபவர் துப்பறிய வேண்டியதில்லை.

ஏஎம்சி முடிந்தால் ஏழு நாளுக்குள் எல்லா சிஸ்டத்திலிருந்தும் எங்கள் ஏஜென்ட்டை நீக்கி, முழுக் கணக்கையும் நிறுவனத்திடம் ஒப்படைப்போம். பாக்கி இருந்தாலும் கணக்கைப் பிடித்து வைக்க மாட்டோம். பழைய ஏஎம்சிக்காரரின் ஏஜென்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டங்களைக் கண்டால் முதலாளிக்கு எழுதித் தெரிவிப்போம்.

ஏஜென்ட் ஏற்றும் நாளில் ஒவ்வொரு மேசையிலும் கீழ்க்கண்ட தாளை வைத்து, வாசித்துக் காட்டி, கேள்வி இருந்தால் பதில் சொல்லிவிட்டுத்தான் எங்கள் உறுப்பினர் நிறுவலைத் தொடங்குவார்.

“இந்த சிஸ்டத்தில் இன்று ஏஜென்ட் நிறுவுகிறோம். சிஸ்டத்தின் பாகங்கள், அதில் உள்ள மென்பொருள்கள், பேட்ச் நிலவரம், நெட்வொர்க் முகவரி ஆகியவற்றை இது பார்க்கும். உங்கள் கோப்புகளுக்குள் இருப்பதையும், மெயிலையும், நீங்கள் தட்டுவதையும், திரையையும் பார்க்காது. நீங்கள் அனுமதித்தால் மட்டுமே ரிமோட் எடுப்போம். எடுத்த தேதியும் நேரமும் பதிவாகும், அந்தப் பதிவை நீங்கள் எப்போது கேட்டாலும் காட்டுவோம். நிறுவுபவர் பெயர், கையெழுத்து, போன் எண் கீழே உள்ளன.”