வேஷம் மாற்றி வரும் வாந்தி-பேதி கிருமி! சொட்டு மருந்து கேட்குமா?

காஞ்சீபுரம்:

கைக்குழந்தைகளை வாட்டும் வாந்தி-பேதிக்குப் பெரிய காரணம் 'ரோட்டா' என்ற வைரஸ் கிருமி. இது எப்போதும் ஒரே உருவத்தில் வருவது இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வேஷத்தை மாற்றிக்கொண்டு வருகிறது.

"கிருமிதான் மாறிப்போச்சே, பழைய சொட்டு மருந்து கேட்குமா?" என்று பெற்றோர் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

கேட்கும் என்பதே பதில். ஆனால் முழுசாகக் கேட்காது. ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். மிச்சத்தை வீட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஆதாரம் தேடி வெகு தூரம் போக வேண்டாம். காஞ்சீபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள வேலூரிலேயே இருக்கிறது.

சக்கரக் கிருமி

1973-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வண்டிச் சக்கரம் மாதிரி தெரியும். லத்தீன் மொழியில் 'ரோட்டா' என்றால் சக்கரம். அதுவே பெயராகிவிட்டது.

தடுப்பு மருந்து வருவதற்கு முன்பு, இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 78 ஆயிரம் குழந்தைகள் இந்தக் கிருமிக்குப் பலியானதாக மதிப்பிடப்பட்டது. பேதிக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 40 பேருக்கு இதுதான் காரணம்.

வேஷம் மாறுவது எப்படி?

கிருமியின் மேல் உறையில் 2 முக்கிய புரதங்கள் உண்டு. ஒன்றுக்கு 'ஜி' என்றும் மற்றதற்கு 'பி' என்றும் பெயர். ஜி1பி8, ஜி2பி4 என்று டாக்டர்கள் வகை பிரிப்பது இதை வைத்துத்தான்.

உள்ளே மரபுப் பொருள் 11 துண்டுகளாக இருக்கிறது. 2 வகைக் கிருமிகள் ஒரே குழந்தையின் குடலில் நுழைந்தால் இந்தத் துண்டுகள் இடம் மாறிவிடும்.

காஞ்சீபுரம் நெசவாளிக்கு இதை விளக்க வேண்டியது இல்லை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், முந்தி ஒரு நிறம் என்று இணைத்துத்தானே கோர்வைச் சேலை நெய்கிறார்கள்? ஒரு சேலையின் கரையும் இன்னொரு சேலையின் முந்தியும் சேர்ந்தால் புதுச் சேலை. கிருமியின் கதையும் அப்படித்தான்.

2005 முதல் 2009 வரை இந்திய ஆஸ்பத்திரிகளில் எடுத்த கணக்கில் ஜி1, ஜி2, ஜி9 வகைகள் முன்னணியில் இருந்தன. 2012-க்குப் பிறகு ஜி1பி8 ஓங்கியது. அப்புறம் ஜி3பி8 தலைதூக்கி அதை ஓரம் கட்டியது.

சொட்டு மருந்து கொடுத்ததால்தான் கிருமி மாறிவிட்டதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. மருந்து வருவதற்கு வெகு காலம் முன்பே, 1990-களில், ஜி9 வகை பரவலாகத் தலைதூக்கியது. மருந்து இல்லாத காலத்திலும் கிருமி மாறிக்கொண்டுதான் இருந்தது.

வேலூரில் கண்டது

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர்கள், ஏழைகள் வாழும் பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் 3 வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். 2011-ல் முடிவு வெளியானது.

6 மாதம் முடிவதற்குள்ளேயே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளை ரோட்டா தொற்றிவிட்டது. மறுபடி மறுபடியும் தொற்றியது. 3 முறை வந்துபோன பிறகும், கடும் பேதியில் இருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம்தான். மெக்சிகோ நாட்டில் 1996-ல் வெளியான ஆய்விலோ, 2 முறை வந்துபோன குழந்தைகளுக்குக் கடும் பேதியே வரவில்லை.

இன்னொரு விஷயம்தான் முக்கியம். ஜி1பி8 வகை ஒரு முறை வந்துபோனதால், அதே வகைக்கு எதிராகத் தனிப் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை. உடம்பு கிருமியின் சட்டையை மட்டும் பார்த்து எதிர்ப்பது இல்லை என்று இதில் இருந்து தெரிகிறது. ஆகவே, சட்டை மாறியதும் மருந்து வீண் என்பது தப்புக் கணக்கு.

மருந்தின் பலன்

1980-களில் டெல்லியில், நோய் இல்லாமல் இருந்த பச்சைக் குழந்தையிடம் கிடைத்த கிருமியில் இருந்து உருவானதுதான் 'ரோட்டாவேக்' சொட்டு மருந்து. ஐதராபாத் பாரத் பயோடெக் நிறுவனம் தயாரிக்கிறது. இந்தக் கிருமி ஜி9பி11 என்ற அபூர்வ வகை. ஊரில் நடமாடும் வகைகளோடு முழுசாக ஒத்துப்போவது இல்லை. அப்படியும் டெல்லி, புனே, வேலூர் ஆகிய 3 இடங்களில் சுமார் 6,800 குழந்தைகளிடம் நடந்த சோதனையில் கடும் பேதி பாதிக்கு மேல் குறைந்தது.

2016-ல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இந்த மருந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு 2017-ல் வந்தது.

2016 முதல் 2020 வரை 9 மாநிலங்களில் 31 ஆஸ்பத்திரிகளில் கணக்கு எடுத்தார்கள். பலன் 54 சதவீதம். பேதியால் சேர்ந்த குழந்தைகளில் ரோட்டா கண்டவர்கள் 100-க்கு 40-ல் இருந்து 20 ஆகக் குறைந்தார்கள். ஜி3 ஓங்கியிருந்த காலத்தில்தான் இந்தப் பலன் கிடைத்திருக்கிறது.

மிச்சப் பாதி யார் கையில்?

சொட்டு மருந்து போட்ட குழந்தைக்கும் பேதி வரலாம். அப்போது "பல்லு முளைக்குது, அதான்" என்று சும்மா இருப்பதும், "தொக்கம்" எடுக்க அலைவதும்தான் ஆபத்து. உயிரைப் பறிப்பது உடம்பில் நீர் வற்றிப்போவது.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. டாக்டர் கொடுக்கும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும். இது வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் மருந்து இதைக் கொல்லாது.

கண் குழி விழுந்தால், உச்சிக்குழி இறங்கினால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், சிறுநீர் போகாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும்.

தறிக்காரர் வீட்டில் குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்தால் தறி நின்றுபோகும். தறி நின்றால் கூலி இல்லை. இதை நினைத்தால், பாதிப் பாதுகாப்பும் லேசான விஷயம் அல்ல என்பது புரியும்.

6, 10, 14-வது வாரங்களில் 3 தவணை. அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். முதல் தவணை தள்ளிப்போயிருந்தாலும் 1 வயது முடிவதற்குள் தொடங்கிவிடலாம். அதற்கு மேல் தொடங்க முடியாது.