முதல் மருந்து கைவிட்ட பின்: ஆபிரிக்காவின் எச்.ஐ.வி நோயாளிகளும் இடைநின்ற உதவியும்

2025 ஜனவரி 20ஆம் திகதி, பதவியேற்ற அன்றே, அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்திவைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். 2003 முதல் ஆபிரிக்க நாடுகளின் எச்.ஐ.வி சிகிச்சையைத் தாங்கிவந்த பெப்ஃபார் திட்டமும் அதில் சிக்கியது. உயிர்காக்கும் மருந்துகளுக்குப் பின்னர் விலக்களிக்கப்பட்டது. ஆனாலும் பல இடங்களில் சிகிச்சை நிலையங்கள் மூடப்பட்டன. பணியாளர்கள் வேலையிழந்தனர். பரிசோதனைகள் தடைப்பட்டன.

இதில் அதிக ஆபத்தை எதிர்கொள்பவர்கள், ஏற்கனவே ஒரு கூட்டு மருந்து பலனளிக்காமல் போனவர்கள். அவர்களிடம் எஞ்சியுள்ள தெரிவுகள் மிகச் சில.

எச்.ஐ.வி மருந்து ஒருநாளும் தவறக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. உடலில் மருந்தின் அளவு குறையும்போது வைரஸ் முற்றாக அடங்காமல், மருந்துக்குத் தப்பும் வகையில் உருமாறிப் பெருகுகிறது. அதன் பிறகு அதே மாத்திரையை ஒழுங்காக எடுத்தாலும் பயன் குறைவு. இதுவே எதிர்ப்புத்தன்மை.

இவ்வாறு முதற்கட்ட சிகிச்சை தோற்றவர்களுக்கு அடுத்து எதைக் கொடுப்பது? உகண்டா, கென்யா, சிம்பாப்வே ஆகிய நாடுகளில் 464 பேரிடம் நடத்தப்பட்ட நாடியா ஆய்வு இதற்கு விடை தேடியது. ஒரு பகுதியினர் டோலுடெக்ராவிரையும் மற்றவர்கள் டாருனாவிரையும் பெற்றனர். அதேவேளை, துணை மருந்தாகப் பழைய டெனோபோவிரையே தொடர்வதா, வழக்கப்படி சிடோவுடினுக்கு மாற்றுவதா என்பதும் ஒப்பிடப்பட்டது.

2021இல் வெளியான 48 வார முடிவில், வைரஸ் கட்டுப்பட்டவர்கள் டோலுடெக்ராவிர் பிரிவில் 90.2 வீதம், டாருனாவிர் பிரிவில் 91.7 வீதம். பெரிய வேறுபாடில்லை. வியப்பளித்தது டெனோபோவிர்தான். ஆய்வுகூடக் கணிப்பின்படி இனி வேலை செய்யாது எனக் கருதப்பட்டவர்களிடமும் அது பயன் தந்தது. 96 வாரங்களில் டெனோபோவிர் பெற்றவர்களில் 92 வீதமானோருக்கும், சிடோவுடின் பெற்றவர்களில் 85 வீதமானோருக்கும் வைரஸ் கட்டுப்பாட்டில் இருந்தது.

இதன் பொருள் வறிய நாடுகளுக்கு மிகப் பெரியது. டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரை, நாளுக்கு ஒரு தடவை. 2023இல் உலக நிதியம் அறிவித்த விலை ஒருவருக்கு ஆண்டுக்கு 45 டொலருக்கும் குறைவு. டாருனாவிர் கூட்டு மருந்துக்கு 2021இல் அறிவிக்கப்பட்ட குறைந்த விலையே 210 டொலர். முதற்கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் ஒரே மாத்திரை என்றால், கிராமத்துச் சிகிச்சை நிலையமும் அதைக் கையிருப்பில் வைத்திருக்க முடியும்.

ஆனால் அதே ஆய்வு ஒரு எச்சரிக்கையையும் தந்தது. 96 வாரங்களுக்குள் டோலுடெக்ராவிர் பிரிவில் 9 பேரிடம் அம்மருந்துக்கே எதிர்ப்புத்தன்மை தோன்றியது. டாருனாவிரில் இது மிக அரிது. 2024இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, வைரஸ் அளவு அதிகமாக இருந்த நிலையில் டோலுடெக்ராவிருக்கு மாற்றப்பட்ட, முன்பு சிகிச்சை பெற்றோரிடம் இது 19.6 வீதத்தை எட்டியதாகக் கூறியது. மலிவான மருந்தும் தோற்றால் மிஞ்சுவது விலைகூடிய டாருனாவிரே. அந்தத் தேவையை உரிய நேரத்தில் கண்டறிய, குருதியில் வைரஸின் அளவைப் பார்க்கும் பரிசோதனை தடையின்றி நடக்க வேண்டும்.

உதவி நிறுத்தத்தின் உண்மையான தாக்கம் இங்கேதான் இருக்கிறது. விலக்கு கிடைத்தது. ஆனால் பரிசோதனையும், குருதி மாதிரியைக் கொண்டு செல்பவரும், கிளினிக்குக்கு வராதவரைத் தேடிப்போகும் பணியாளரும் இல்லாமல் மாத்திரை மட்டும் சிகிச்சையாகாது. ஆய்வில் பங்குபற்றியவர்கள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டார்கள். அந்த 90 வீதத்தைக் கண்காணிப்பு இல்லாத இடத்தில் எதிர்பார்க்க முடியாது.

வன்னியில் மருந்து வராத நாட்களைக் கண்ட எமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு காயத்துக்கு மருந்து தடைப்பட்டால் பாதிக்கப்படுவது அந்த நோயாளி. எச்.ஐ.வி மருந்து தடைப்பட்டாலோ, எதிர்ப்புப் பெற்ற வைரஸ் இன்னொருவருக்கும் தொற்றுகிறது. விநியோகம் மீண்ட பின்னரும் அந்த இழப்பு மீளாது. உதவியை எத்தனை நாட்கள் நிறுத்தலாம் என்று கணக்கிடும் அரசுகள், அந்த நாட்களில் பயனற்றுப்போகும் மருந்துகளின் விலையையும் அதில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.