பெயரும் பெருமையும்

பாரிஸ் மாநகர் எங்கே உள்ளது என்று வகுப்பில் வினவினால், பிரான்சு நாட்டில் என்று மாணவச் செல்வங்கள் உடனே விடை பகர்வர். விடை சரியே, ஆயினும் முழுமையானதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பாரிஸ் உண்டு. கென்டக்கியிலும் டென்னசியிலும் வேறு பாரிஸ்கள் உண்டு. ஐடகோவில் ஒரு மாஸ்கோ, ஜார்ஜியாவில் ஒரு ரோம், ஒஹாயோவில் ஓர் ஏதென்ஸ் என்று இப்பட்டியல் நீளும். இவை மாநகரங்கள் அல்ல. சிற்றூர்களும் சிறு நகரங்களுமே. 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்புப்படி, டெக்சாஸ் பாரிசில் வாழ்வோர் 25,000 பேருக்கும் குறைவு.

“பேர் பெத்த பேர், தாகத்துக்குத் தண்ணீர் இல்லை” என்பது நம்மவர் பழமொழி. அப்பழமொழியைச் சொல்லி இவ்வூர்களை நகையாடுவது எளிது. ஆனால், அது முறையன்று என்பதே நம் கருத்து.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காரணம் உண்டு. அமெரிக்கர் தம் விடுதலைக்காகப் போராடிய காலத்தில் பிரான்சு நாடு துணை நின்றது. அந்நன்றியை மறவாமல் கென்டக்கி மக்கள் 1790இல் தம் ஊருக்குப் பாரிஸ் என்று பெயர் சூட்டினர். ஜார்ஜியாவில் 1834இல் ஊரமைத்த ஐவர், ஆளுக்கொரு பெயரை எழுதித் தொப்பியில் இட்டுச் சீட்டெடுத்தனர். வந்த பெயர் ரோம். அவ்வூரைச் சூழ்ந்தும் குன்றுகள் இருந்தமையால் அப்பெயர் பொருந்திற்று.

டெக்சாஸ் பாரிசார் 1993இல் ஐபல் கோபுரத்தைப் போன்றதொரு சிறு கோபுரத்தை எழுப்பினர். உயரம் 65 அடி. பின்னர் அதன் உச்சியில், தம் மாட்டுப் பண்ணையாளர் அணியும் தொப்பியைச் சிவப்பு வண்ணத்தில் பெரிதாகச் செய்து வைத்தனர். பெயர் இரவலாயினும் தொப்பி தம்முடையதன்றோ! தாம் யார் என்பதை மறைக்க அவர்கள் நாணவில்லை.

எனினும், நம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது ஒஹாயோவின் ஏதென்ஸ்தான். பழைய ஏதென்ஸ் அறிவுக்குப் புகழ்பெற்ற நகரம். காடு திருத்திய அப்புதிய ஊரில் 1804இல் ஒரு பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. 1815இல் அது முதன்முதலாகப் பட்டம் வழங்கியபோது, பெற்றோர் இருவரே! இருவருக்காகவா இவ்வளவு பெரிய பெயர் என்று எவரேனும் நகைத்திருக்கலாம். ஆனால், 1828இல் அங்கே ஜான் நியூட்டன் டெம்பிள்டன் என்னும் கறுப்பின இளைஞர் பட்டம் பெற்றார். அவர் அடிமையாகப் பிறந்தவர். பின்னாளில் ஆசிரியராகித் தம் இனத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். அந்நாளில் அந்தச் சிற்றூர் தன் பெயருக்குத் தகுதி பெற்றுவிட்டது என்போம். பெயர் இரவலாக வரலாம். பெருமை இரவலாக வருவதில்லை.

இதனை நாம் எழுதக் காரணம் உண்டு. நம் கெடா மாநிலத்திலும் டப்ளின், ஹார்வர்டு என்னும் பெயர்களைத் தாங்கிய தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் உண்டு. அயர்லாந்தின் தலைநகர்ப் பெயரும், அமெரிக்காவின் புகழ்மிகு பல்கலைக்கழகப் பெயரும் ரப்பர்க் காட்டுக்கு வந்து சேர்ந்தன. எனினும், பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் தோட்டப் பிள்ளைகள் சிலர், “எந்த ஊர்?” என்று கேட்டால், தோட்டத்தின் பெயரைக் கூறக் கூசி, அருகிலுள்ள பட்டணத்தின் பெயரைக் கூறுவதை நாம் கண்டிருக்கின்றோம். அது நம் நெஞ்சை வருத்துகின்றது.

மாணவச் செல்வங்களே, விடியுமுன் எழுந்து பால்வெட்டச் செல்லும் பெற்றோரின் உழைப்பால் வளர்ந்தது உங்கள் ஊர். அதன் பெயரைத் தலைநிமிர்ந்து கூறுங்கள். பெற்றோர்களே, மழையானாலும் வேலையானாலும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தவறாதீர்கள். ஏதென்ஸுக்கு முதலில் கிடைத்தவர் இருவர் மட்டுமே. நம் தோட்டத்திலிருந்தும் ஆண்டுக்கு இருவர் உயர்ந்தால் போதும். நம் ஊர்ப்பெயரையும் உலகம் ஒருநாள் கேட்டறியும்.

வாழ்க கல்வி! வளர்க நம் பள்ளி!