கட்டர் வரும்வரை இழுக்காதீர்கள்

மதுரை–கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே லாரி மோதினால் முதலில் ஓடிவருவது ஊர்மக்கள்தான். கையில் கயிறு, கடப்பாரை. சில நேரம் ஜேசிபி. நல்ல மனசுதான். ஆனால் ஸ்டியரிங்குக்கு அடியில் கால் சிக்கிய டிரைவரை வெடுக்கென்று இழுத்தால், உடைந்த எலும்பு ரத்தக்குழாயைக் கிழித்துவிடும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பேட்டரி இணைப்பைத் துண்டித்து, ஹைட்ராலிக் கட்டரால் கேபினைத்தான் வெட்டித் திறக்க வேண்டும். பக்கத்திலேயே சிவகாசி, சரக்கு பட்டாசாகவும் இருக்கலாம், பீடியோடு வேடிக்கை பார்ப்பவர்கள் விலகுவது நல்லது.

2021-இல் வந்த ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. அதுவும் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிய பிறகுதான். கேபினுக்குள் கழியும் நேரத்துக்கு யார் பொறுப்பு? இரு ஊர் தீயணைப்பு நிலையங்களிலும் கட்டர் எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும்; லாரி ஒர்க்‌ஷாப் ஆட்களுக்கும் பயிற்சி தர வேண்டும்.