அது வெறுங்காணி இல்லை



ரொறன்ரோவிலிருந்து நயாகராவுக்குக் காரில் போனவர்களுக்கு இந்த இடம் தெரியும். கியூ.ஈ.டபிள்யூ நெடுஞ்சாலை பேர்லிங்டன் பாலத்தில் ஏறும்போது, வலப்பக்கத்தில் குடாவும் அதற்கு அப்பால் ஹமில்டனின் புகைபோக்கிகளும் தெரியும். அந்தக் கரையில் இருக்கும் ஸ்டெல்கோ உருக்காலையின் ஏறத்தாழ 800 ஏக்கர் காணியை 2022இல் ஸ்லேட் என்ற முதலீட்டு நிறுவனம் 518 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அங்கே உருக்கு வார்ப்பது எப்பவோ நின்றுவிட்டது. இனி அது களஞ்சியங்களும் சரக்குப் போக்குவரத்தும் கொண்ட பெரிய தொழிற்பேட்டையாக வேண்டும் என்பதுதான் திட்டம்.

"சும்மா கிடக்கிற காணிதானே, ஏதாவது வந்தால் நல்லதுதானே?" எண்டு எங்கட ஆக்கள் கேட்பினம். வரட்டும், நானும் எதிர்க்கவில்லை. நல்ல விவசாய நிலத்தை மூடி வேர்ஹவுஸ் கட்டுவதைவிட, பாவிச்சு முடிந்த ஆலைக் காணியில் கட்டுவது எவ்வளவோ மேல். ஆனால் 'வெறுங்காணி' என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மண்ணில் இன்னும் தீராத கடன் இருக்கு.

முதலாவது, தொழிலாளரின் கடன். 2007இல் ஸ்டெல்கோவை யு.எஸ். ஸ்டீல் வாங்கியது. வேலைகளையும் உற்பத்தியையும் காப்பாற்றுவோம் என்று ஒட்டாவாவுக்குக் கொடுத்த வாக்கை மீறியதாக 2009இல் அரசாங்கமே வழக்குப் போட்டது. 2011இல் சமரசமாக முடித்தது. 2013இல் ஹமில்டனில் உருக்கு உற்பத்தி நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. 2014இல் கொம்பனி கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அடுத்த வருடமே, ஓய்வுபெற்றவர்களும் குடும்பத்தவரும் என ஏறத்தாழ 20,000 பேரின் மருத்துவச் சலுகைகள் நிறுத்தப்பட்டன.

2017இல் புது முதலாளி வந்தபோது, ஓய்வூதியத்துக்கும் சலுகைகளுக்கும் உதவட்டும் என்று காணியை ஓர் அறக்கட்டளையின் கீழ் விட்டார்கள். 2018இல் புது ஸ்டெல்கோ ஹமில்டன், நான்ரிகோக் இரண்டிலுமாக 3,000 ஏக்கர் அளவு காணியை 114 மில்லியன் டொலருக்குத் திரும்ப வாங்கியது. நாலே வருடத்தில் ஹமில்டன் துண்டு மட்டும் 518 மில்லியனுக்குக் கைமாறியது. காணி அறக்கட்டளையிலேயே இருந்திருந்தால் அந்த விலையேற்றம் யாருக்குச் சேர்ந்திருக்கும்? நீங்களே கணக்குப் பாருங்கோ.

இரண்டாவது, நஞ்சு. ஆலைக்குப் பக்கத்தில் ராண்டில் ரீஃப் என்ற இடத்தில் குடாவின் அடியில் நிலக்கரித் தார் படிந்து கிடந்தது. அதை அடைத்து மூட ஏறத்தாழ 139 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. பெரும்பங்கு பொதுப் பணம். லாபம் தனியாருக்கு, கழிவு எங்களுக்கு.

மூன்றாவது, வேலை. 1946இல் ஸ்டெல்கோ தொழிலாளர் கோடை முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். கொம்பனி கருங்காலிகளை ஆலைக்குள்ளேயே தங்கவைத்து, படகிலும் விமானத்திலும் சாமான் இறக்கியது. அப்படியும் தொழிற்சங்கம் வென்றது. அதே நகரத்தில் இனி வரப்போவது எப்படிப்பட்ட வேலை? நானும் வேர்ஹவுஸில நிண்டனான். ஏஜென்சி மூலம் எடுத்தார்கள். நாளைக்கு ஷிப்ட் இருக்கா இல்லையா எண்டு இரவு பத்து மணிக்கு மெசேஜ் வந்தால்தான் தெரியும். பக்கத்தில் நிண்ட அக்காமார் பலர் தமிழர்தான். யூனியன் எண்டு வாய் திறக்கவே பயம். 2025 ஜனவரியில் அமேசன் கியூபெக்கில் இருந்த தன் ஏழு நிலையங்களையும் மூடப்போவதாக அறிவித்தது. 1,700க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. லவாலில் இருந்த ஒன்றில் அதற்கு முதல் வருடம்தான் தொழிற்சங்கம் அமைந்திருந்தது. சங்கத்துக்கும் மூடலுக்கும் சம்பந்தமில்லை என்கிறது கொம்பனி. நம்புகிறவர்கள் நம்பட்டும்.

ஆகவே நிபந்தனையை முதலே போடவேண்டும். அடித்தளம் போட்ட பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். மாசடைந்த காணியைத் துப்புரவாக்க ஹமில்டன் மாநகரசபையிடம் 'ஈரேஸ்' என்ற மானியத் திட்டம் இருக்கு. வீதியும் பொதுப் பணத்தில்தான். பொதுக் காசு கேட்கிற முதலாளியிடம் நாங்களும் கேட்கலாம்: நிரந்தர வேலைக்கு ஏஜென்சி ஆட்கள் வேண்டாம். சங்கம் சேருவதைத் தடுக்கமாட்டோம் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுது. அயலில் இருக்கிற இளையோருக்குப் பயிற்சி கொடு. லொறிகளைக் குடிமனைகளுக்குள்ளால் விடாதே. இது கனவு இல்லை. எக்ளின்டன் ரயில் பாதை கட்டும்போது சமூக அமைப்புகளும் சங்கங்களும் சேர்ந்து நெருக்கித்தான் சமூகப் பயன் ஒப்பந்தம் வந்தது.

எங்கட தமிழ்ப் பத்திரிகைகளைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் காணி, வீடு விற்கிற ஆக்களின் படம். காணி எண்டால் விலை எண்டு மட்டும் எங்களைப் பழக்கிப்போட்டினம். பிரம்டன், மில்டன், ஏஜக்ஸ், ஸ்காபரோ, எங்கே இருந்தாலும் சரி, உங்கட பக்கத்துத் தொழிற்சாலைக் காணி பற்றி மாநகரசபையின் கூட்ட அறிவித்தல் வந்தால் எங்களுக்கு அனுப்புங்கோ. சேர்ந்து போய் இந்தக் கேள்விகளைக் கேட்பம்.