பள்ளிக்கூட வாசலில் கைரேகை: யாரைப் பிடிக்க? யாரை மிரட்ட?

பள்ளிக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர் எவராயினும், அவருடைய கைரேகையைப் பதிந்து, பழைய குற்றம் ஏதும் உண்டா என்று பார்த்த பிறகே உள்ளே விடவேண்டும் என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். "நம்மைத் திருடனாக்கப் பார்க்கிறார்களா?" என்று பள்ளித் தொழிலாளர்கள் கேட்கிறார்கள். இரு சாராரும் நம்மவர்களே. இருவர் கேள்வியும் நியாயமானதே. ஆகவே மழுப்பாமல் பதில் சொல்லவேண்டும்.

சோதனை வேண்டும். இதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை.

1997-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஏற்கனவே கடுங்குற்றத்திற்குத் தண்டனை பெற்ற ஒருவன், ரேகைச் சோதனை முடியுமுன்பே உயர்நிலைப் பள்ளியொன்றில் துப்புரவு வேலைக்கு அமர்த்தப்பட்டான். அங்கே படித்த மாணவியைக் கொன்றான். சோதனை முடிந்த பிறகே வேலை என்ற சட்டம் அந்த ஆண்டே அங்கு வந்தது. ஓர் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம் அது. நாமும் அப்படித்தான் கற்கவேண்டுமா?

நம் நாட்டிலும் விதி இல்லாமலில்லை. போக்சோ சட்டத்தின் 2020-ம் ஆண்டு விதிகள், பள்ளிகளிலும் விடுதிகளிலும் குழந்தைகளோடு பழகும் ஊழியர் அனைவரையும், நிரந்தரமானாலும் ஒப்பந்தமானாலும், அவ்வப்போது போலீஸ் மூலம் சரிபார்க்கவேண்டும் என்கின்றன. ஆனால் பெயரையும் விலாசத்தையும் மட்டும் வைத்துச் சரிபார்த்தால் என்ன ஆகும்? வேறு மாவட்டத்தில் குற்றம் செய்தவன் பெயரை மாற்றிக்கொண்டு தப்புவான். அதே பெயருள்ள ஒரு பாவமும் அறியாத ஏழை மாட்டிக்கொள்வான். பெயர் ஆயிரம் பேருக்கு உண்டு. ரேகை ஒருவனுக்குத்தான் உண்டு. ஒழுங்காகச் செய்தால் இந்தச் சோதனை குழந்தையை மட்டுமல்ல, நிரபராதியான தொழிலாளியையும் காக்கும்.

ஒழுங்காகச் செய்தால்! அங்கேதான் இருக்கிறது விஷயம்.

கைரேகை என்றால் நம் மக்கள் ஏன் கூசுகிறார்கள்? உசிலம்பட்டிப் பக்கம் போய்க் கேளுங்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ், ஒரு ஜாதியில் பிறந்த குற்றத்திற்காகவே ஆண்களின் ரேகையைப் பதிந்தது வெள்ளை சர்க்கார். மறுத்து நின்ற பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3-ல் சுட்டுத் தள்ளியது. 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தக் கொடுஞ்சட்டம் ஒழிந்தது. அந்த மையின் கறை இன்னும் நம் மனத்தில் காயவில்லை.

போலீஸ் சரிபார்ப்பின் கதையும் தெரிந்ததே. மத்தியப் பிரதேசத்தில் ஒரு பள்ளி ஆசிரியர், ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நடவடிக்கைகளில் கலந்துகொண்டார் என்ற போலீஸ் அறிக்கையைக் காட்டி வேலைநீக்கம் செய்யப்பட்டார். அது தவறு என்று 1983-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அவருடைய கொள்கைக்கு நாம் பரம விரோதிகள். ஆனாலும் சொல்கிறோம்: தீர்ப்பு சரி. இன்று அவருக்கு நேர்ந்தது நாளை நமக்கு நேரும். 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தத்தில் இறங்கிய ஆசிரியர்களைக் கைது செய்ததை மறந்துவிட்டோமா? மறியல் செய்த ஆசிரியரும், குழந்தையைக் கெடுத்த கயவனும் போலீஸ் ஏட்டில் ஒரே பட்டியலில் வரலாமா? கைது வேறு, குற்றம் நிரூபிக்கப்படுவது வேறு. மறியல் வழக்குகளைச் சுமந்து திரியும் இதை எழுதுபவனுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இன்னொன்று, செலவு. பள்ளியைப் பெருக்கும் அம்மாளின் அற்பக் கூலியில் கை வைத்துச் சோதனைக் கட்டணம் கட்டச் சொல்வது அக்கிரமம். காண்டிராக்டருக்கு லாபம், கூலிக்காரிக்குச் செலவா?

எனவே நமது கோரிக்கை இதுதான்:

சோதனை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். துப்புரவுப் பெண்ணுக்கு மட்டுமல்ல. தாளாளருக்கும், தலைமையாசிரியருக்கும், காண்டிராக்டருக்கும் உண்டு. குழந்தைகளுக்கும் உயிருக்கும் எதிரான குற்றங்களில் தண்டனை பெற்றவரா என்பதை மட்டும் பார்க்கட்டும். சங்கத்தையும் கட்சியையும் தோண்டவேண்டாம். செலவை சர்க்காரும் நிர்வாகமும் ஏற்கட்டும். பாதகமான அறிக்கை வந்தால் அதன் நகலைக் கொடுத்து, மறுப்புச் சொல்ல அவகாசம் தரட்டும். வேலை முடிந்ததும் ரேகையை அழிக்கட்டும். குற்ற வழக்குகளில் எடுத்த அடையாளப் பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்க 2022-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. வேலை கேட்டு வந்தவனின் ரேகை அந்தக் கிடங்குக்குப் போகக் கூடாது.

இத்தனையும் செய்தபின்னும் ஒன்றை மறக்கவேண்டாம். இதுவரை பிடிபடாதவனை எந்த ரேகையும் காட்டிக்கொடுக்காது. குழந்தைக்குத் தீங்கு செய்பவன் பெரும்பாலும் அதற்கு அறிமுகமானவன். ஊரில் மரியாதை உள்ளவனாகவும் இருப்பான். மானம் போகும் என்று புகாரை மூடி மறைக்கும் நிர்வாகமே அவனுக்குக் கோட்டை. அந்தக் கோட்டையை இடிக்க இயந்திரம் போதாது. குழந்தை சொன்னால் காது கொடுக்கும் ஆசிரியர் வேண்டும், பயப்படாமல் கேள்வி கேட்கும் பெற்றோர் வேண்டும், துணை நிற்கும் சங்கம் வேண்டும்.

பெற்றோர்களே, பள்ளித் தொழிலாளர்களே! உங்களை எதிரெதிரே நிறுத்தப் பார்ப்பார்கள். இடம் கொடாதீர்கள். அந்தப் பள்ளியில் படிப்பது உங்கள் இருவருடைய பிள்ளைகளும்தான்.