இடுப்பில் இருந்த கறுப்புப் பொருக்கு

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். டைபஸ் காய்ச்சலைப் பேன் பரப்புகிறது என்று 1909-இல் கண்டுபிடித்த ஷார்ல் நிக்கோலின் பெயர் பள்ளியிலேயே பழக்கம். அந்தக் காய்ச்சலின் ஒன்றுவிட்ட தம்பி புதுக்கோட்டையில் என் வீட்டுக்கே வரும் என்று நினைக்கவில்லை.

போன மழைக்காலத்தில் என் மனைவிக்கு ஏழு நாள் விடாத காய்ச்சல். டைபாய்டு என்றார்கள், வைரஸ் என்றார்கள். ஊசி மாறியது, காய்ச்சல் மாறவில்லை. எட்டாம் நாள் ஒரு நர்ஸம்மா புடவைக் கட்டைத் தளர்த்திப் பார்த்தார். இடுப்பில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு. வலியில்லை, அதனால் இவளும் சொல்லவில்லை. ஸ்க்ரப் டைபஸ்! புதர்களில் இருக்கும் மிகச் சிறிய உண்ணியின் குஞ்சு கடித்து வருவது. டாக்ஸிசைக்ளின் கொடுத்த இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

"இனிமே வராதுதானே?" என்றாள். படித்துப் பார்த்தேன். அந்தக் கிருமியின் மேற்புறத்தில் ஒரு புரதம். நம் உடலணுவைப் பற்றி உள்ளே நுழைய அது உதவுகிறது. நம் உடல் முக்கியமாக அடையாளம் வைத்துக்கொள்வதும் அதைத்தான். ஆனால் கார்ப், கில்லியம், கேட்டோ என்று கிருமியின் வகைக்கு வகை அது வேறுபடும். போன வருஷத் திருடனின் சட்டையை வைத்து இந்த வருஷத் திருடனைப் பிடிக்க முடியுமா? தடுப்பூசி இன்னும் வராததற்கும் இது ஒரு காரணம்.

ஆகவே மறுபடி வரலாம். ஐந்து நாள் தாண்டிய காய்ச்சல் என்றால் அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ், இடுப்பு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். இதில் என்ன கூச்சம்? பொருக்கு இல்லாமலும் வரும். ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.

இதை எழுத வேண்டாம் என்றாள் மனைவி. எழுதிவிட்டேன்.